குரங்கு விரட்டும் கூலி

“ஏட்டி, பள்ளிக்கூடம் போயிட்டு வந்தா குரங்கு வெரட்டுத கூலிக்கும் கணக்கு சொல்லுவியோ?” என்று பெரியப்பா கேட்டபோது கடைமுன் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எங்கள் குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் ஆள் நான். முதல் பெண் என்று சொல்லவில்லை, முதல் ஆள். கொஞ்ச நேரம் சிரித்துக்கொண்டு நிற்பதில் எனக்கொன்றும் குறைந்துவிடாது.

குற்றாலத்தில் அருவிக்குப் போகும் வழியில் எங்கள் சீசன் கடை. ஒரே கூரை, நடுவில் ஒரு தட்டி. இந்தப் பக்கம் பெரியப்பாவின் மங்குஸ்தான், பலா, வாழைப்பழம். அந்தப் பக்கம் அவர் தங்கையான என் அத்தை, குளிக்க வருகிறவர்களுக்கு எண்ணெய், சோப்பு, துண்டு விற்றாள். வாடகை, விளக்கு, குரங்கு விரட்டக் கம்போடு நிற்கும் ஆளின் கூலி எல்லாம் பொது. கடை இரண்டு என்பதால் செலவும் பாதிப் பாதி என்பது பெரியப்பாவின் சட்டம். அந்தச் சட்டத்தில் அத்தை பக்கம் கணக்கில் எப்போதும் நஷ்டம். இந்தச் சீசனோடு அத்தை பக்கத்தை மூடிவிட்டு அங்கேயும் பலா அடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். எனக்குப் பள்ளிச் சம்பளம் கட்டியதே அந்தப் பக்கம்தான்.

“குரங்கு யாரத் தேடி வருது பெரியப்பா? சோப்பு திங்கவா வருது?”

“திங்காதுன்னு நீ கண்டியோ?”

“அப்ப பாத்துருவோம். நாளைக்குக் காலைல கம்புக்கார அண்ணாச்சி கம்பக் கீழ வச்சிட்டு உக்காரட்டும்.”

மறுநாள் கம்புக்காரர் எதிர்க்கடையில் சந்தோஷமாக டீ குடித்தார். குரங்குகள் கூட்டமாக இறங்கி வாழைத்தாரை மொட்டையடித்தன. பெரியப்பா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது ஒரு குட்டி அத்தை பக்கம் தாவி ரோஸ் சோப்பு ஒன்றை எடுத்தது.

“பாத்தியாட்டி! எடுத்துட்டுல்லா! பாதிக்குப் பாதி!” என்று பெரியப்பா துள்ளி எழுந்தார்.

குட்டி சோப்பைக் கடித்தது. வாயெல்லாம் நுரை. சோப்பை அவர் மேலேயே வீசிவிட்டு, தட்டியைத் தாண்டி ஓடிப்போய் ஒரு மங்குஸ்தானைக் கவ்விக்கொண்டது.

துண்டை மடித்துக்கொண்டே அத்தை சொன்னாள்: “அண்ணே, வாய் கொப்பளிக்கக்கூட அது ஒங்க பக்கந்தான் வருது.”

தெருவே சிரித்தது. பெரியப்பா கம்புக்காரரைக் கூப்பிட்டுக் கம்பை எடுக்கச் சொன்னார். “சரிட்டி, கூலி எம்பக்கமே இருக்கட்டும்” என்று என்னைப் பார்க்காமலே சொன்னார்.

விளக்கு அத்தை பக்கம்தான் அதிக நேரம் எரிகிறது, இருட்டிய பிறகும் ஆட்கள் குளிக்க வருகிறார்கள், ஆகவே அதில் பெரிய பங்கை அவள் கொடுக்கட்டும் என்றேன். அத்தை என்னை முறைத்தாள். அப்படியும் அவள் பக்கம் லாபம்தான் நின்றது. மூடுகிற பேச்சு அதோடு போயிற்று.

இனி வாடகை. அதை எப்படிப் பிரிப்பது என்று பெரியப்பா யோசித்துக்கொண்டிருக்கிறார். அவர் சாப்பிடப் போன நேரத்தில், துணிக்கடையில் இரவல் வாங்கிய அளவுகோலை வைத்து அவரவர் அடைத்திருக்கும் இடத்தை நான் அளந்துவிட்டேன், தட்டியைத் தாண்டி அத்தை பக்கம் உருண்டு கிடக்கும் பலாக்களையும் அவர் கணக்கில் சேர்த்து.