தம்பியின் காது

தேக்கா உணவங்காடியில் கடைக்காரர் தம்பியின் முதுகுக்குப் பின்னால் நின்று, "குடிக்க என்ன அண்ணே?" என்று கேட்பார். இவன் திரும்பாமல், பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே, "ரெண்டு தே ஓ, ஒண்ணுல சீனி வேணாம்" என்று பால் கலக்காத தேநீர் சொல்வான். அந்தத் திரும்பாத முதுகைப் பார்த்துப் பத்து வருடமாக எனக்கு வயிறு எரிகிறது.

சின்ன வயதிலிருந்தே எங்கள் இருவருக்கும் காதில் சீழ், கேட்பதும் குறைவு. காதை அடைத்து மாட்டும் கேட்புக் கருவி போட்டால் இன்னும் ஒழுகும். அதனால் நடுக்காதுக்குள் ஒரு சின்ன அதிர்வுக் கருவி பதிக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ஒரே மாதத்தில் நாள் குறித்தார்கள். தம்பி போனான். நான் அந்த வாரம் பாத்தாம் தீவுக்குப் போகும் இழுவைப் படகில் ஏறிவிட்டேன். ஓரிடத்தில் நிற்க எனக்கு வராது. அப்புறம் கப்பல் பட்டறை, இன்ஜின் அறை என்று வருடங்கள் போயின. கேட்காத காதுக்கு எதற்கு என்று அந்த இரைச்சலிலும் காதுறை மாட்டியதே இல்லை.

இந்த வருடம் மார்சிலிங்கில் தம்பி வீட்டுக்கு வந்து, எனக்கும் வைக்கச் சொல் என்றேன். அவனுடைய வருடாந்தரப் பரிசோதனையும் என்னுடையதும் ஒரே காலையில். முதலில் அவன் உள்ளே போனான். கேட்கும் அளவைக் காட்டும் அவன் கோடு கொஞ்சமாவது இறங்கியிருக்க வேண்டும் என்று வெளியே உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன்.

பரிசோதனைத் தாளைக் கொண்டுவந்து காட்டினான். புதிய கோடு முதல் வருடக் கோட்டின் மேலேயே கிடந்தது.

"அப்படியேதான் இருக்காம் லா. காதுக்குப் பின்னால வெளியில ஒட்டுற கருவிய மட்டும் புதுசா மாத்திக்கலாமாம்."

"கொடுத்து வச்ச காது."

"நாள் குறிச்சப்ப ஓடுனது யாரு?"

பிறகு என் முறை. அந்தச் சின்ன அறையில் சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். அதிகம் அழுத்தவில்லை. முடிந்ததும் தம்பியையும் உள்ளே கூப்பிட்டார்கள். பரிசோதித்த சீனப் பெண் முகக்கவசத்தோடு கணினியைப் பார்த்தே பேசினாள். வாய் தெரியாததால் எனக்கு எதுவும் புரியவில்லை. தலையாட்டிக்கொண்டிருந்த தம்பி ஆட்டுவதை நிறுத்தினான். ஏதோ கேட்டான். அவள் பதில் சொன்னதும் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்தான்.

"என்னவாம்?"

"இரு அண்ணே."

அப்புறம் நாற்காலியைத் திருப்பி, வாயை அகலமாகத் திறந்து சொன்னான். "உன் உள்காதும் போயிடுச்சாம். எனக்கு வச்சது உனக்குப் பத்தாதாம். வேற பெரிய ஆப்பரேஷன் இருக்காம். அதுக்குத் தகுதியான்னு பாக்கணுமாம்."

என் காதைப் பற்றிய சேதியையும் அவன்தான் முதலில் கேட்டான். சேதியைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நாள் வாங்கவா? மறுபடி ஓடிருவியா?"

"வாங்கு. நீ கூட வராத."

"அப்ப உனக்கு யாரு சொல்லுவா?"

"எழுதித் தரச் சொல்றேன்."

அவன் முகப்பில் போய்த் தேதி வாங்கி வந்தான். சீட்டைத் தன் சட்டைப்பையில் வைக்கப் போனவனிடமிருந்து பிடுங்கி நானே வைத்துக்கொண்டேன்.