பாலத்தில் விழுந்து கும்பிட்டவர்கள்

பௌர்ணமிப் போயா நாட்களில் என் மனைவி வெள்ளை உடுத்திக்கொண்டு கீழே புத்தர் கோயிலான பன்சலைக்குப் போய் சில் எடுத்து நோன்பிருப்பாள். எட்டு விதிகள். அதில் ஒன்று, உச்சிக்குப் பிறகு எதையும் சாப்பிடாமல் இருப்பது. கல்யாணமான புதிதில் இதெல்லாம் எனக்குத் தெரியாது. சாயங்காலம் அவள் களைத்துப்போய் வந்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்தபோது, பசித்திருப்பாளே என்று, பக்கத்துக் காம்பராவில் கேட்டு வாங்கிய பாலை ஊற்றித் தேத்தண்ணீர் கொடுத்தேன். அவள் கோப்பையை வாங்கிப் பார்த்தாள். பிறகு தரையில் வைத்துவிட்டாள்.

"பால் சாப்பாட்டுல சேர்ந்ததுங்க. சாயத்தண்ணின்னா குடிக்கலாம்."

அன்றிலிருந்து ஒவ்வொரு போயா மாலையும் பால் சேர்க்காத சாயத்தண்ணீரை நானே போட்டு, ஒரு துண்டுக் கருப்பட்டியோடு மூடிவைத்துக் காத்திருப்பேன். அவள் வரும் பாதை வழுக்குமே, மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வாள், பாலத்தில் பலகை உளுத்திருந்ததே என்று ஒவ்வொன்றாக நினைத்து, அவள் தலை தேயிலைச் செடிகளுக்கு மேலே தெரிகிற வரையில் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருப்பேன்.

அவள் சிங்களப் பெண். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கிராமம். கைக்காசுக்குக் கொழுந்து எடுக்க எங்கள் தோட்டத்துக்கு வந்தவள், லய வரிசையில் இருந்த என் காம்பராவிலேயே தங்கிவிட்டாள். நான் நாலாம் வகுப்போடு படிப்பை விட்டவன். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே மேல்தட்டில் கொழுந்தை வாட்டப் பரப்புவது என் வேலை. கல்யாணத்துக்கு அவள் வீட்டில் பெரிய சண்டை ஒன்றும் இல்லை. அவள் அண்ணன் மட்டும் ஒரு மாதம் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு ஒரு பலாக்காயோடு வந்து, "மச்சான், இதை வெட்டத் தெரியுமா, இல்ல உங்க ஆளுங்களுக்குக் கொழுந்துதான் கிள்ளத் தெரியுமா?" என்று கேட்டுச் சிரித்தான். அதோடு சரியாகிப்போனது. நாற்பத்தெட்டில் வந்த குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு தோட்டத் தமிழனான எனக்கு ஓட்டும் இல்லை, பிரஜை என்ற பேரும் இல்லை. அவளுக்கு இரண்டும் இருந்தன. ஓட்டுப் போடும் நாளில் அவளைப் பாலம்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு நான் திரும்பி வருவேன்.

எங்கள் காம்பராச் சுவரில் மாரியம்மன் படமும் ஒரு சின்னப் புத்தர் படமும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. விளக்கு ஒன்றுதான். விளக்கேற்றியதும் அவள் கண்ணை மூடி உட்கார்ந்து, எல்லா உயிரும் சுகமாக இருக்கட்டும் என்று நினைப்பாள். என் பயத்துக்கு அது மருந்து என்று சொல்லி என்னையும் உட்காரவைத்தாள்.

"எல்லா உயிருமுன்னா? கண்டாக்கையும் சேத்தா?" என்று கேட்டேன். கண்டாக்கு எங்கள் மேலதிகாரி. அன்று காலையில்தான் என்னைத் தாயைச் சேர்த்து ஏசியிருந்தார்.

"அவரையும் சேத்துத்தான்."

"அப்ப எனக்கு வேணாம்."

அவள் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஐம்பத்தெட்டாம் வருஷம் சித்திரை மழையில் நனைந்து அவளுக்கு நெஞ்சில் சளி கட்டியது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தோம். தேறவில்லை. ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"நான் போயிட்டா, ஏழாம் நாளும் மூணாம் மாசமும் எங்க வீட்டுல தானம் குடுப்பாங்க. ரெண்டுக்கும் நீங்கதான் தண்ணி ஊத்தணும்."

"அப்படியெல்லாம் பேசாத."

"வேற ஆளு ஊத்தினா எனக்கு வந்து சேருமோ சேராதோ. நீங்க ஊத்தினா தெரிஞ்சுக்குவேன்."

பன்சலைப் பிக்குகளான ஆமதுருமாருக்குச் சோறு கொடுத்து முடித்ததும், செத்தவருக்கு நெருங்கிய ஆள் மூக்கு வைத்த ஒரு கெண்டியிலிருந்து கோப்பைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். கோப்பை நிறைந்து வழிகிறவரை ஊற்ற வேண்டும். ஆமதுருமார் ஓதுவார்கள். அந்தத் தானத்தின் புண்ணியம் தண்ணீரோடு போய்ச் செத்தவரைச் சேரும் என்பது அவர்கள் நம்பிக்கை. அவள் போன ஏழாம் நாள் நான்தான் ஊற்றினேன். ஊற்றுகிறவரை உறவுகள் ஒருவர் பின் ஒருவராகத் தொட்டுக்கொண்டு நிற்பது வழக்கம். மாமியார் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். அவள் அண்ணன், என் மச்சான், தன் அம்மாவின் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றான். அன்றைக்கு அந்த வீட்டில் தமிழன் என்று யாரும் இருக்கவில்லை. அழுகிறவர்கள்தான் இருந்தார்கள்.

அதற்கப்புறம் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. எங்கள் தோட்டத்துக்குள் வரவில்லை. ஆனால் டவுனில் கடைப் பலகைகளில் தமிழ் எழுத்தின் மேல் தார் பூசியிருந்தார்கள். பக்கத்து லயத்து ஆள் ஒருவர் பஸ்ஸில் அடி வாங்கி, ஒரு காது கேட்காமல் திரும்பினார். எங்கள் லயத்தில் இரவில் ஆண்கள் முறை வைத்து விழித்திருந்தோம். முறை இல்லாத இரவிலும் நான் விழித்திருந்தேன். பாலத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போவது நின்றது. அந்தப் பக்கத்தவர்கள் மரக்கறி கொண்டுவருவதும் நின்றது.

மூன்றாம் மாதம் நெருங்கும்போது மச்சான் வந்தான். லயத்துக்குள் வரவில்லை. தேயிலை மலை ஓரத்தில் நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினான். நாங்கள் எப்போதும் சிங்களத்தில்தான் பேசிக்கொள்வோம்.

"மச்சான், தானத்துக்கு நீ வராத."

"ஏன்?"

"நான் சொல்லல்ல. ஊர்ல சொல்றாங்க. தமிழன் ஊத்துற தண்ணி தங்கச்சிக்கு வேணாமாம்."

"ஏழாம் நாள் வேண்டியிருந்திச்சே?"

"அப்ப வேற." அவன் ஒரு கொழுந்தைக் கிள்ளிக் கையில் கசக்கிக்கொண்டிருந்தான். "நீ வந்தா அடி விழும். எனக்கும் விழும்."

"அம்மா என்ன சொல்றாங்க?"

"அம்மாகிட்ட யாரு கேட்டா?"

அவன் போய்விட்டான். அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் எங்கேயோ ஓர் இடத்தில் வெள்ளை உடுத்திக்கொண்டு காத்திருக்கிறாள், நான் வரவில்லை என்று நினைக்கிறாள் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஒரு விடிகாலையில், யாரும் நடமாடாத நேரமாகப் பார்த்து, பன்சலைக்குப் போனேன்.

அங்கே இரண்டு பேர் இருந்தார்கள். பெரிய ஆமதுருவுக்கு வயதாகிவிட்டது. ஊர்க்காரர்கள் கொடுக்கிற சோற்றில்தான் பன்சலை ஓடுகிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். சின்ன ஆமதுரு என்னைவிட இளையவர். முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார். நான் மண்ணில் உட்கார்ந்து கும்பிட்டு, அழாமல் சொல்ல நினைத்ததை அழுதுகொண்டே சொன்னேன். லயத்தில் தானம் கொடுத்தால் வருவீர்களா என்று கேட்டேன். எந்த ஆமதுருவும் எங்கள் லயத்துக்குத் தானத்துக்கு வந்ததில்லை.

அவர் உள்ளே போய்ப் பெரியவரிடம் பேசிவிட்டு வந்தார். "போகாதன்னும் சொல்லல்ல, போன்னும் சொல்லல்ல. நீ எங்க போறேன்னு எனக்குத் தெரியாதுன்னு சொன்னாரு" என்றார். விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவைத்தார். "வர்றேன்."

ஊரில் தானம் நடந்ததற்கு அடுத்த நாளை வைத்துக்கொண்டோம். பக்கத்துக் காம்பரா அக்கா விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டிவிட்டார். மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவர். ஆனாலும் என் மனைவியோடு பீலிக் குழாயில் தண்ணீர் பிடித்துப் பழகியவர். "அவுங்களுக்கு ஒறப்பு எவ்வளவு போடுறது? அப்புறம் சாமி கண்ணுல தண்ணி விட்டா அது துக்கமா, மொளகாத்தூளான்னு தெரியாமப் போயிரும்" என்றார். சோறு, பருப்பு, பிஞ்சுப் பலாக்காய்க் கறி, வாழைப்பழம். கோயிலிலிருந்து ஒரு நாற்காலி கொண்டுவந்து, என் மனைவி சில் எடுக்கக் கட்டும் வெள்ளைச் சேலையை மடித்து அதன்மேல் விரித்தேன். கெண்டியைத் தேய்த்து நிரப்பி வைத்தேன்.

உச்சிக்குப் பிறகு ஆமதுருமாரும் சாப்பிட மாட்டார்கள். சாப்பாடு அதற்கு முன்னால் முடிந்தாக வேண்டும். மழைக் காலம். சூரியன் எங்கே நிற்கிறது என்று பார்க்க முடியாது. எங்களுக்கு ஸ்டோரில் ஊதும் மத்தியானச் சங்குதான் கணக்கு. நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆமதுரு வரவில்லை. வழுக்கி விழுந்தாரோ, பெரியவர் தடுத்துவிட்டாரோ, அடித்துவிட்டார்களோ என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். பொறுக்க முடியாமல் மேட்டுக்குப் போய்ப் பார்த்தேன். அக்காவும் பின்னால் வந்தார்.

ஆற்றின் மேல் ஒரு மரப்பாலம். ஒரு ஆள் போனால் இன்னொரு ஆள் ஒதுங்க இடமில்லை. அதன் நடுவில் சின்ன ஆமதுரு காவியுடையோடு நின்றார். அவருக்கு முன்னால் ஒரு ஆள் பலகையில் நெற்றி பட விழுந்து கும்பிட்டுக்கொண்டிருந்தார். விழுந்தவருக்குப் பின்னால், எங்கள் பக்க முனைவரை வரிசையாக ஊர் ஆண்கள்.

"அடேயப்பா, என்னா பக்தி!" என்றார் அக்கா.

கும்பிட்டு எழுந்தவர் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கி, மற்றவர்களைச் சுற்றி, பாலத்தின் எங்கள் பக்க முனையில் வரிசையின் கடைசியில் போய் மறுபடி நின்றார். அடுத்தவர் விழுந்தார். அவரும் அப்படியே. அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. ஆமதுருவின் மேல் யாரும் கை வைக்க முடியாது. ஆனால் விழுந்து கும்பிடுகிறவரைத் தாண்டி அவரும் கால் வைக்க முடியாது. கும்பிடுகிற ஒவ்வொருவருக்கும் நின்று வாழ்த்துச் சொல்ல வேண்டும். அவர்கள் கும்பிட்டே அவரை நிறுத்தி வைத்திருந்தார்கள்.

வரிசையில் மச்சானும் இருந்தான். அவன் முறை வந்தபோது அவனும் விழுந்தான்.

அக்காவின் முகம் மாறிவிட்டது. "பாவி மக்கா. ஸ்டோருக்கு ஓடிப்போயி சங்கை ஊதாம நிப்பாட்டச் சொல்லவா?" என்றார். எனக்கு அது வேடிக்கையாகவே தோன்றவில்லை. உண்மையிலேயே ஓடலாமா என்று நினைத்தேன். அதற்குள் சங்கு ஊதிவிட்டது.

சங்குச் சத்தம் மலையில் பட்டுத் திரும்பி ஓய்ந்ததும், ஊர் ஆண்கள் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு, மிகவும் மரியாதையாகப் பாலத்தைவிட்டு ஒதுங்கி நின்றார்கள். இனி எந்தப் பக்கம் போனால் என்ன என்பது போல. "கள்ளத்தோணிகிட்ட சாப்பிடாமலே புண்ணியம் வந்திருச்சு" என்று, தோட்டத் தமிழரை ஏசும் பேரை வைத்து ஒருவன் உரக்கச் சொன்னது எங்களுக்குக் கேட்டது. ஆமதுரு திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் பாலத்தைக் கடந்து எங்கள் பக்கம் ஏறி வந்தார்.

காம்பராவுக்குள் வந்து வெள்ளைச் சேலை விரித்த நாற்காலியில் உட்கார்ந்தார். எங்கள் ஆட்கள் வாசலில் நிறைந்துவிட்டார்கள். மூடிவைத்த சோற்றையும் கறியையும் அவர் பார்த்தார்.

"இதை நான் தொட முடியாது" என்றார் சிங்களத்தில். பிறகு தனக்குத் தெரிந்த தமிழில், "மன்னிக்கணும்" என்றார்.

அக்கா, வந்தவருக்கு எதுவும் கொடுக்காமல் அனுப்புவதா என்று பதறி, பால் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். நான் தடுத்தேன். அடுப்படிக்குப் போய் தேயிலைத் தூளைப் போட்டு, கொதிநீர் ஊற்றி, வடித்து, ஒரு துண்டுக் கருப்பட்டியோடு இரண்டு கையாலும் நீட்டினேன். ஒவ்வொரு போயா மாலையும் செய்த அதே வேலை. கை பழக்கத்தில் தானாகச் செய்தது.

அவர் கோப்பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இதை யார் சொல்லித் தந்தது?"

நான் நாற்காலியில் விரித்திருந்த சேலையைக் காட்டினேன்.

அவர் வாங்கிக் குடித்தார். முழுவதும் குடித்தார். "இதுவும் தானம்தான். கெண்டியை எடுங்க."

எடுத்தேன். ஆனால் ஊற்ற முடியவில்லை. எனக்குள் வேறொன்று எரிந்துகொண்டிருந்தது. "பாலத்துல அவங்க எல்லாருக்கும் சுகமா இருங்கன்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டுவிட்டேன். ஆமதுருவிடம் அப்படிக் கேட்கக் கூடாது.

அவர் கோபப்படவில்லை. "சொன்னேன். வாய்தான் சொல்லிச்சு. மனசு வரல்ல. கடைசியா வந்தவனுக்குச் சொல்லும்போதும் வரல்ல." இளம் முகம் சிவந்திருந்தது. "நாளைக்கும் சொல்லிப் பார்க்கணும்" என்றார்.

அவர் ஓத ஆரம்பித்தார். இந்தப் புண்ணியம் என் உறவுகளைச் சேரட்டும், என் உறவுகள் சுகமாக இருக்கட்டும் என்று அதற்கு அர்த்தம். மாமியாரும் உறவுதான். பாலத்தில் நெற்றி பட விழுந்தவனும் உறவுதான். கண்டாக்கையும் சேத்தா என்று நான் கேட்டதும், அவள் சிரித்ததும் ஞாபகம் வந்தது. நான் அவளை மட்டும் நினைத்துக்கொண்டு ஊற்றினேன். மற்றவர்களை என்னால் நினைக்க முடியவில்லை. முழங்கையில் ஒரு கை பட்டது. "நான் தொடலாமா தம்பி?" என்று அக்கா மெதுவாகக் கேட்டார். அவர் தோளை இன்னொருவர் தொட்டார். அவரை இன்னொருவர். வாசலுக்கு வெளியே நின்றவர்கள்வரை அப்படியே போயிற்று. கோப்பை நிறைந்து தட்டில் வழிந்தது. தட்டும் நிறைந்து மண் தரையில் ஓடியது. அப்போதும் நான் நிறுத்தவில்லை. கெண்டி காலியான பிறகுதான் நிறுத்தினேன்.

ஆறிப்போன சோற்றை அக்கா பிள்ளைகளுக்குப் பகிர்ந்துகொடுத்தார். நான் ஒரு வாயும் சாப்பிடவில்லை.

ஆமதுருவைப் பாலம்வரை கொண்டுபோய் விட்டேன். மற்றவர்கள் போய்விட்டார்கள். மச்சான் மட்டும் மழையில் நின்றான். இந்த முறை அவன் கும்பிடவில்லை. ஒதுங்கி வழிவிட்டான். ஆமதுரு அவனைத் தாண்டிப் போனார். மச்சான் அவர் பின்னால் போகவில்லை. என் ஈரக் கையைப் பார்த்தான்.

"ஊத்தினியா?"

"ஊத்தினேன்."

அவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அம்மா கேட்டுட்டு வரச் சொன்னா."

"வழியிற மட்டும் ஊத்தினேன்னு சொல்லு. தரையெல்லாம் ஓடிச்சுன்னு சொல்லு."

அவன் தலையை ஆட்டினானா, மழைக்குத் தலையைக் குனிந்தானா என்று எனக்குத் தெரியவில்லை. பாலத்தில் ஏறி நடந்துவிட்டான். அந்த வருஷம் முடியுமுன் மாமியார் காலமானார். சாவு வீட்டுக்கு நான் போக முடியவில்லை. அவன் அவரிடம் அதைச் சொன்னானா என்று கேட்க எனக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. சொல்லியிருப்பான் என்று சில நாட்கள் நினைக்கிறேன். சில நாட்கள் அப்படி நினைக்க முடிவதில்லை. அந்த நாட்களில் அடுப்பு மூட்டி, சாயத்தண்ணீர் போட்டு, மூடிவைத்துவிட்டு, வாசலுக்கும் அடுப்புக்குமாக நடக்கிறேன்.