நோன்பு மாதத்தில் வந்த இறுதி ஆட்டம்

பிள்ளைகளே, உங்களுக்கு விவரம் தெரிந்த நாள் முதல் நான் கல்லூரியின் கூடைப்பந்துப் பயிற்சியாளராகத்தான் இருந்தேன். மலாக்காவில் எங்கள் குழு தோற்றால்தான் அது செய்தி. ஆனால் முதல் வருடத்திலேயே அந்த வேலை என் கையைவிட்டுப் போயிருக்க வேண்டியது. எப்படிப் போகாமல் நின்றது என்று எழுதி வைக்கிறேன்.

சுதந்திரம் கிடைத்த பிறகு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்த வெள்ளைக்கார விரிவுரையாளர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். கூடைப்பந்தைக் கவனித்துக்கொண்டவரும் போய்விட்டார். நான் அங்கே விளையாட்டுச் சாமான் ஸ்டோரில் வேலை செய்துகொண்டிருந்தேன். தோட்டத்துப் பள்ளியில் ஆறாம் வகுப்பு, அப்புறம் டவுனில் கொஞ்சம் இங்கிலீஷ், அவ்வளவுதான் என் படிப்பு. ஆனால் டவுனில் நாங்கள் குடியேறிய காஜா பெராங்கில் பக்கத்து வீட்டுச் சீனப் பையன்களோடு அப்போதிருந்தே பந்தாடியவன். அது முதல்வருக்குத் தெரியும்.

"கோலாலம்பூரிலிருந்து பயிற்சி பெற்ற ஆள் வரும்வரை நீ பார். கோப்பை வந்தால் அப்புறம் யோசிக்கலாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். "பந்துக்குக் காத்தடிச்சவருக்கு இனிமே விசிலு வேறயா?" என்று சிரித்தாள். பிறகு, "சரிங்க, அந்த ஆளு வர்றதுக்குள்ள ஜெயிச்சுப் போடுங்க" என்றாள்.

எனக்கு அந்த வேலை மிகவும் வேண்டியிருந்தது. ஸ்டோரில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைத்தே வயதாகிவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தவன் நான்.

நகரப் போட்டியில் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டோம். எதிரே தெங்கேராவிலிருந்த ஒரு சீனர் குழு. ஆட்டமும் அவர்களுடைய சிமெண்டுத் திடலிலேயே. அது நோன்பு மாதம். எங்கள் கேப்டன் மலாய்க்காரன், குழுவிலேயே குறி தப்பாதவன். பொழுது சாயும்வரை பச்சைத் தண்ணீர் தொடமாட்டான். ஆட்டமோ மாலை ஐந்தரைக்கு.

"முதல் பாதியில நீ உக்காரு. மத்தவங்க ஓடி ஓடி அவங்களைக் களைக்க வைக்கட்டும். அப்புறம் உன்னை இறக்குறேன்" என்று அவனிடம் மலாயில் சொன்னேன். சம்மதித்தான்.

முதல் பாதியிலேயே என் திட்டம் குப்புற விழுந்தது. ஓட வேண்டியவர்கள் நடந்தார்கள். எங்கள் நெட்டைச் சீனப் பையன் கூடைக்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான். எதிர்ப் பெஞ்சிலிருந்து ஒருவன் கத்தினான்: "என்ன லா, பிரேதமா தூக்கிட்டுப் போறீங்க? வேகமா நடங்க லா!"

இடைவேளையில் எனக்கு வந்த கோபம் சொல்ல முடியாது. "ஏண்டா, காலுல ஈயத்தையா கட்டியிருக்கீங்க?"

எங்கள் குழுவின் தமிழ்ப் பையன் தலையைச் சொறிந்தான்.

"சார், இன்னிக்கு நாங்களும் புவாசா."

"நோன்பா? யாரெல்லாம்டா?"

"எல்லாரும்தான் சார். அவன் தண்ணி குடிக்காம வர்றான், நாங்க மட்டும் எப்படி சார் முழுங்குறது?"

"விடியுறதுக்கு முன்ன எந்திரிச்சி சாப்பிட்டீங்களா?"

"தூங்கிட்டோம் சார்."

அதாவது முந்தின இரவுச் சாப்பாட்டோடு இறுதி ஆட்டத்துக்கு வந்து நிற்கிறார்கள். தண்ணீர் குடிக்கச் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. எல்லாரும் கேப்டனைப் பார்த்தார்கள். அவனுக்கே அப்போதுதான் விஷயம் தெரியும். நன்றி சொல்வான் என்று நினைத்திருப்பார்கள் போலிருக்கிறது. அவன் எழுந்து நின்று வாங்கு வாங்கென்று வாங்கினான்.

"நான் அல்லாவுக்காக நோன்பிருக்கேன். நீங்க யாருக்காக? எனக்காகவா? நான் யாரு? எனக்குப் பந்தைக் கொடுங்கடான்னா பட்டினி கிடக்கிறீங்களே!"

திட்டிக்கொண்டே போய், எதிர்க் கடையில் ஒரு வாளி சர்க்கரைத் தண்ணீர் வாங்கிவந்தான். நாக்கு வறண்ட அவனே குவளையில் மொண்டு மொண்டு ஒவ்வொருவனுக்கும் கொடுத்தான். நெட்டையன் அவசரமாகக் குடித்து, ஓரமாகப் போய்க் கக்கிவிட்டு வந்தான்.

இரண்டாம் பாதியில் கால்கள் நகர ஆரம்பித்தன. கேப்டனும் இறங்கினான். விட்ட புள்ளிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தோம். முடிய இன்னும் சில நிமிடங்கள். மூன்று புள்ளி பின்னால் இருந்தோம். ஆட்டத்தை நிறுத்திக் குழுவோடு பேசும் டைம் அவுட் என்னிடம் ஒன்றுதான் மிச்சம். அதைக் கடைசி நிமிடத்துக்கு வைத்திருக்க வேண்டும். ஆட்டம் தெரிந்த யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

அந்த நேரம், நோன்பு திறக்கலாம் என்று பள்ளிவாசல் முரசு கேட்டது. கேப்டன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பந்துக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தான். பந்து கோட்டைத் தாண்டியதும் நான் கையைத் தூக்கி டைம் அவுட் கேட்டேன்.

"சார், இப்பவா?" என்று தமிழ்ப் பையன் பதறினான்.

"இப்பத்தான்."

அவனுக்காகச் சட்டைப் பையில் போட்டு வந்திருந்த பேரீச்சம்பழத்தை எடுத்துக் கேப்டனிடம் கொடுத்தேன். வாய்க்குள் ஏதோ ஓதிவிட்டுத் தின்றான். இரண்டு மிடறு தண்ணீர் குடித்தான். நடுவரும் சீனர்தான், அவன் விழுங்கி முடிக்கும்வரை அவர் விசிலை வாயில் வைக்கவில்லை.

திரும்பப் போனவன் அடுத்தடுத்து இரண்டு கூடை போட்டான். ஒரு புள்ளி முன்னால் வந்துவிட்டோம். ஆனால் கடைசியாகப் பந்து அவர்கள் கையில். யாரை மறிக்க வேண்டும் என்று சொல்லித்தர என்னிடம் டைம் அவுட் இல்லை. கத்தினாலும் அந்தக் கூச்சலில் கேட்காது. சும்மா நின்றேன். அவர்கள் எறிந்த பந்து வளையத்தைச் சுற்றி வெளியே விழுந்தது. நெட்டையன் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். நடுவர் விசில் ஊதினார்.

திங்கட்கிழமை முதல்வர் கூப்பிட்டார். "டைம் அவுட்டை அவ்வளவு சீக்கிரம் எடுத்துவிட்டாயே, தோற்றிருந்தால்?"

"ஸ்டோருக்குத் திரும்பிப் போயிருப்பேன் சார்" என்றேன்.

பயிற்சி பெற்ற ஆள் அடுத்த வருடம் வந்தார். நல்ல மனிதர். அவரை ஹாக்கிக்குப் போட்டார்கள். கூடைப்பந்து நான் ஓய்வு பெறும்வரை என்னிடமே இருந்தது.

அதன்பின் நோன்பு மாதத்தில் ஆட்டம் வந்தால், மத்தியானம் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் நானே போய் நிற்பேன். நோன்பில்லாதவன் தட்டைக் காலி செய்த பிறகுதான் அவன் கையில் ஜெர்சியைக் கொடுப்பேன்.