ஒரு பாட்டிலுக்கு வண்டி போகாது

பொருள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் எங்களை யாருக்கும் நினைவிருக்காது. சேராத அன்றைக்குத்தான் எங்கள் போன் நம்பர் ஊர் முழுக்கத் தெரிந்திருப்பது தெரியவரும். சேலத்தில் ஒரு மருந்து மொத்த விநியோக நிறுவனத்தில், எந்த வேன் எந்த வழியில் போக வேண்டும், எந்தக் குடோனில் என்ன சரக்கு இருக்க வேண்டும் என்று கணினியில் திட்டம் போடுவது என் வேலை. இதே தொழிலில் குப்பை கொட்டுகிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்கள், என்மேல் இரக்கப்படலாமா என்பதைக் கடைசியில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

குறுக்கு வழி

புது மென்பொருள் வந்த முதல் வாரம், நல்ல மழைக்காலம். திருச்செங்கோடு போகும் வேனுக்கு, ரயில் பாலத்துக்கு அடியில் புகுந்து போகும் ஒரு குறுக்கு வழியை அது கண்டுபிடித்துக் கொடுத்தது. ஓட்டுநர் செல்வராசு இருபது வருடமாக அந்தப் பக்கம் வண்டி ஓட்டுகிறவர். "மழ பேஞ்சா அது வழியில்லீங்க சார், கொளமுங்க" என்றார். திரையில் காட்டும் வழியை மீறக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. நானும் மீற விடவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து, முழங்கால் தண்ணீரில் நின்றுபோன வேனிலிருந்து போன் செய்தார். மருந்துப் பெட்டிகளைத் தூக்கி சீட்டின்மேல் அடுக்கிக்கொண்டிருந்தாராம். திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"மேப்புல தண்ணின்னா நீலமாத்தானுங்க காட்டும்? இங்க செம்மண் தண்ணிங்க. அதான் அதுக்குத் தெரியலையாட்ட இருக்குது."

ஆறு நிமிடம்

ஒவ்வொரு இடத்திலும் சரக்கிறக்க மென்பொருள் கொடுப்பது ஆறு நிமிடம்தான். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மருத்துவமனையின் மருந்தகம் நாலாவது மாடியில். அங்கே செல்வராசுக்குத் தினமும் அரை மணி நேரம் ஆனது. அவர் பெயர் என் திரையில் சிவப்பாகவே வந்துகொண்டிருந்தது. மூன்று முறை சிவந்தால் விளக்கம் கேட்க வேண்டும். கேட்டேன். வலது முழங்காலைத் தேய்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"லிஃப்டுல 'நோயாளிகளுக்கு மட்டும்'னு எழுதியிருக்குதுங்க. இன்னொரு மாசம் இப்படியே படியேறுனா, நானும் அதுலயே போயிக்கலாமுங்க."

ராசிபுரத்துக் குடோன்

அடுத்து, எந்தக் குடோன் தேவையில்லை என்று பார்க்கச் சொன்னார்கள். ராசிபுரத்தில் எங்களுக்கு ஒரு சின்னக் குடோன் இருந்தது. சுற்றுவட்டாரக் கடைகளெல்லாம் அங்கிருந்துதான் மருந்து எடுத்தன. அங்கே எப்போதாவது ஒன்று விற்கும் மருந்துகள் நிறைய. எங்கள் பாஷையில் அது தூங்கும் சரக்கு. எல்லாவற்றையும் சேலத்துக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று அறிக்கை எழுதியது நான்தான். ஒரு பெட்டி நிறையாத ஆர்டருக்காக வண்டி அனுப்பத் தேவையில்லை, பெட்டி நிறைந்த பிறகு அடுத்த நடையில் போகட்டும் என்ற விதியையும் நான்தான் எழுதினேன்.

குடோனைக் காலி செய்த அன்று, பன்னிரண்டு வருடமாக அதைப் பார்த்துக்கொண்ட பழனியம்மாள் ஒரு வலிப்பு மருந்து சிரப்பைக் கையில் எடுத்து, "இதை மட்டும் இங்கயே ஏதாவது கடையில வெச்சுட்டுப் போலாமுங்களா?" என்று கேட்டார். அதை வாங்குவது பக்கத்து வெண்ணந்தூரில் ஒரே ஒருவர்தான் என்று கணினியைத் திருப்பிக் காட்டினேன். வேலை போன வருத்தத்தில் பேசுகிறார் என்றுதான் நினைத்தேன்.

"ஆமாங்க சார், ஒரே ஒருத்தருதான். அவருக்கு ஒரே ஒரு புள்ளைங்க."

வெண்ணந்தூரிலிருந்து வந்தவர்

இரண்டு மாதம் கழித்து, ஒரு மத்தியானம். விசைத்தறி ஓட்டுகிறவர், சட்டையிலெல்லாம் பஞ்சு. ராத்திரியும் காலையிலும் மகளுக்கு வலிப்பு வந்து, சேலத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு நேராக எங்கள் குடோனுக்கு வந்திருந்தார். பாட்டில் தீர்ந்து நாலு நாள். அவர் ஊர் மருந்துக் கடைக்காரர் அதற்கு முன்பே ஆர்டர் போட்டிருக்கிறார். ராசிபுரத்தில் எந்தக் கடையிலும் இல்லை. இங்கே இருப்பதாகச் சொல்லித்தான் கடைக்காரர் அனுப்பினாராம்.

இருந்தது. தனி ஆளுக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்றாலும், கடைப் பெயரில் பில் போட்டு அவர் கையில் கொடுத்தேன். ஒற்றைப் பாட்டில் என்பதால் மூன்று நடை அது வண்டியில் ஏறவே இல்லை. பாட்டில்மேல் ஒட்டியிருந்த சீட்டை அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். கோபமே இல்லாமல், புரியாமல்தான் கேட்டார்.

"இதுல வெண்ணந்தூருன்னு எழுதியிருக்குதுங்களே. அப்பறம் ஏனுங்க இங்கயே இருக்குது?"

மாதக் கூட்டம்

குழந்தை பிழைத்துக்கொண்டாள். ஆனால் முன்போல் பேச்சு வரவில்லையாம். ஒவ்வொரு வார்த்தையையும் தேடித் தேடி எடுக்கிறாளாம். கடைக்காரர்தான் போனில் சொன்னார். அந்த மாதக் கூட்டத்தில், குடோன் செலவைக் குறைத்த என் திட்டத்துக்குக் கைதட்டினார்கள். நான் எழுந்து நடந்ததைச் சொல்லி, ராசிபுரத்தில் ஓர் அலமாரியாவது வேண்டும் என்று கேட்டேன். மேலாளர் கெட்டவர் இல்லை. தோளில் கை வைத்து ஆறுதல்தான் சொன்னார்.

"மனச விட்டுடாதீங்க. ஒரே ஒரு டெலிவரிதானே தப்பாச்சு? பர்சன்டேஜ்ல அது தெரியவே தெரியாது."

ஊருக்கு ஊர் தூரம் போட்டே சம்பளம் வாங்குகிற எனக்கு, சேலத்திலிருந்து வெண்ணந்தூர் எவ்வளவு தூரம் என்று மட்டும் இன்றைக்கும் தெரியாது.