விசில் வராத குக்கர்

இன்று ஸ்லோ குக்கர் வாங்கக் கடைக்குப் போனேன். விசில் வராது என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த ஒரே விஷயம்.

நாங்கள் குடியிருப்பது மாடியில். கீழே ஹவுஸ் ஓனர், சுத்த சைவம். "நாங்களும் கறி சமைக்க மாட்டோம்" என்று சொல்லித்தான் வீடு பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை கறி வேகும் குக்கர் விசிலடிக்கும்போதெல்லாம் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பேன்.

"ஆட்டுக்கால் போடுங்கண்ணே. எட்டு மணி நேரத்துல பஞ்சா வெந்துரும்" என்றார் கடைக்காரர்.

"எதுக்குத் தம்பி இது?"

திரும்பினால் ஹவுஸ் ஓனர் அக்கா, கையில் மிக்ஸி ஜாருடன்.

"பருப்பு வேகவைக்கக்கா."

"பருப்புக்கு எதுக்குண்ணே எட்டு மணி நேரம்?" என்றார் கடைக்காரர்.

அக்கா சிரிக்கவில்லை. "விசில் வராது, சரி. வாசம் வருமே தம்பி? தெரிஞ்சுதான் நாங்க ஒண்ணும் கேக்காம இருக்கோம். திங்கிறதச் சொல்றதுக்கு எதுக்கு இம்புட்டுப் பொய்?"

கறி தின்பதில் எனக்கு ஒருநாளும் வெட்கம் இருந்ததில்லை. அதைப் பருப்பு என்று சொன்னதற்குத்தான் இன்னும் முகம் எரிகிறது.

குக்கரை வாங்கிவந்துவிட்டேன். இப்போது அதில் நிஜமாகவே பருப்புதான் வேகிறது.

எட்டு மணி நேரம் வெந்த பருப்பை என்ன செய்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.