பன்னிரண்டாவது கிளிப்பு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் தம்புசாமிக்கு முதலில் ஒதுக்கியது ஐந்தாவது மாடி வீடு. மனிதர் ஆபீஸ் ஆபீசாக அலைந்து, கெஞ்சிக் கூத்தாடி, சாக்கடை ஓரத்துக் கீழ் வீட்டை வாங்கிக்கொண்டுதான் ஓய்ந்தார். உயரம் என்றால் அவ்வளவு பயம். தைப்பூசத்துக்குப் பத்துமலை போனால் முப்பதாவது படியிலேயே கற்பூரம் கொளுத்தி, "முருகனுக்கு நான் இங்க நிக்கிறது தெரியாதா என்ன?" என்று திரும்பிவிடுவார். இப்பேர்ப்பட்டவர் பிழைப்புக்குச் செய்தது என்ன வேலை தெரியுமா? விமானப் படையில் பாராசூட் மடிக்கிற வேலை!

இருபத்திரண்டு வருஷம் மடித்தார். ஒன்றுகூட விரியாமல் போனதில்லை. அவர் ஒருமுறைகூடக் குதித்ததும் இல்லை. கேட்டால், "கல்யாணத்துக்குச் சமைக்கிறவன் மாப்பிள்ளையா உட்காரணும்னு சட்டமா என்ன?" என்பார். ஓய்வு பெற்ற பிறகு இந்த 'ஒன்றுகூட' என்ற வார்த்தைதான் அவருக்குச் சொத்து. ஒட்டுக்கடையில் தேநீர் வருவதற்குள் நாலு தடவை சொல்லிவிடுவார்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் அதைக் கேள்விப்பட்டு வந்து சேர்ந்தார் சோலையப்பன். பெட்டாலிங் ஜெயாவில் ஆயுள் காப்பீடு விற்கிற செட்டியார் வீட்டுப் பிள்ளை. வாரமெல்லாம் சாவைச் சொல்லி ஊராரைப் பயமுறுத்திக் கையெழுத்து வாங்குவார். லீவு கிடைத்தால் உயரமான இடம் தேடிப் போய்ப் பாராசூட் மாட்டிக் குதிப்பார். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல! நகர நடுவில் இருக்கும் தொலைத்தொடர்புக் கோபுரத்திலிருந்து சில வெள்ளைக்காரர்களோடு சேர்ந்து குதிக்க அவருக்கு அனுமதி கிடைத்திருந்தது. விஜயதசமியன்று காலையில்.

மடித்துத் தரச் சொல்லி அவர் கொண்டுவந்த பாராசூட் பையைத் தம்புசாமி புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"ரிசர்வ் குடை எங்க?"

"இதுல ரிசர்வ் கிடையாதுண்ணே. ஒண்ணே ஒண்ணுதான். இது விரியலைன்னா இன்னொண்ணைத் திறக்கிறதுக்குள்ள தரை வந்துரும்."

விரிந்தால் மட்டும் போதாது என்றும் சோலையப்பன் சிரித்துக்கொண்டே விளக்கினார். ஒரு பக்கம் முந்தி, ஒரு பக்கம் பிந்தி விரிந்தால் குடை திரும்பிக்கொள்ளும். ஆள் நேரே கோபுரச் சுவரில் போய் மோதுவார்.

"சிரிக்கிறீங்களே சார், வீட்டம்மாவுக்குத் தெரியுமா?"

"உமையாளுக்குத் தெரியும். மடிக்கிறவர் யாருன்னு கேட்டா. உங்க பேரைச் சொன்ன பிறகுதான் சரின்னா."

போச்சுடா என்று உட்கார்ந்துவிட்டார் தம்புசாமி. முகம் தெரியாத ஒரு பெண் தன்னை நம்பிச் சரி சொல்லியிருக்கிறாள். அதன் பிறகு அவர் விளையாட்டுப் பேச்சே பேசவில்லை. பெரிய குடையைப் பையிலிருந்து இழுத்து வெளியே கொண்டுவர ஒரு குட்டிக் குடை உண்டு. குதிப்பவர் அதைக் காற்றில் வீச, அது பையை மூடியிருக்கும் 'பின்' ஊசியை உருவிப் பெரியதை இழுக்கும். சோலையப்பன் புத்தம் புதிதாய்ப் பளபளவென்று சின்னதொன்றை நீட்டினார்.

"ஏரோப்ளேன்ல குதிச்சா இது போதும் சார். கோபுரத்துல மூணு செகண்டுதான். அந்த வேகத்துக்குச் சின்னது காத்தைப் பிடிச்சு இழுக்காது. அந்தப் பழைய பெரிசைக் கொடுங்க."

"அதுல கறை இருக்குண்ணே."

"கீழே இருந்து யார் சார் கறையைப் பார்க்கப் போறா?"

ஆயுத பூஜையன்று காலை, கூடத்து நாற்காலிகளை வெளியே தள்ளிவிட்டு மடிக்க உட்கார்ந்தார். படையில் நீண்ட மேசை இருந்தது, மடிப்பு நகராமல் வைக்க எடைப் பைகள் இருந்தன. இங்கே என்ன இருக்கிறது? மனைவி இராஜம்மாவின் துணிக் கொடியிலிருந்து ஒரு டஜன் நீலக் கிளிப்புகளை உருவிவந்து, மடிப்புக்கு மடிப்பு மாட்டினார். பூஜை நாளில் ஆயுதத்தைத் தொடுகிறாரே என்று இராஜம்மா முணுமுணுத்தாள். மத்தியானத்துக்குள் கிளிப்புகளைக் கழற்றி, பையை மூடிப் பின்னைச் செருகியாயிற்று. கூடவே ஓர் அட்டை. அதில் மடித்தவர் கையெழுத்துக்கு ஒரு கட்டம், சரிபார்த்தவர் கையெழுத்துக்கு ஒரு கட்டம். தம்புசாமியைச் சரிபார்க்க இன்னோர் ஆளா? இரண்டிலும் தாமே போட்டார்.

சற்று நேரத்தில் கொல்லைப்புறத்திலிருந்து குரல் வந்தது.

"என்னங்க, டஜன் எடுத்தீங்க. வாளியில பதினொண்ணுதான் இருக்கு."

"காக்கா தூக்கியிருக்கும்."

"காக்காவுக்குக் கிளிப்பு எதுக்கு? என் கைலி ஒரு பக்கமாத் தொங்குது, வந்து பாருங்க."

"உனக்கு எண்ணத் தெரியல, அதுக்கு நான் வந்து பார்க்கணுமா?"

சாயங்காலம் இராஜம்மா கத்தரிக்கோல், அரவை இயந்திரம், மோட்டார் சைக்கிள், பாராசூட் பை எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டுக் கும்பிட்டாள்.

மறுநாள் விடிந்ததும் சோலையப்பன் வந்து பையை வாங்கிப் போனபோது தம்புசாமி குளித்துக்கொண்டிருந்தார். பிறகு இட்லியைப் பிட்டு வாயில் வைக்கும்போது இராஜம்மா சாவகாசமாகச் சொன்னாள்.

"நல்லபடியா இறங்கணும்னு மஞ்சக் கயிறும் கட்டியிருக்கேன். மூணு முடிச்சு."

"எதுல?"

"பையிலதான்."

"அடிப்பாவி! தாலியா கட்டினே? பின்னு மேல கயிறு கிடந்தா குடை எப்படிடீ வெளிய வரும்?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். யார் கேட்டது? பக்கத்து வீட்டு ஃபோனிலிருந்து சோலையப்பனின் ஹெண்ட்போனுக்கு அடித்தார், எடுப்பாரில்லை. கைலியோடு மோட்டார் சைக்கிளில் ஏறிவிட்டார். வாசலில் நின்று இராஜம்மா கத்தியது என்ஜின் சத்தத்தில் அமுங்கிப்போனது.

கோபுரத்து வாசலில் காவலாளி மறித்தார். தம்புசாமி பழைய படை அடையாள அட்டையைக் காட்டி அழாத குறையாய்க் கெஞ்ச, அவர் வாக்கிடாக்கியில் மேலே கேட்டுவிட்டு உள்ளே விட்டார். மின்தூக்கியில் கண்ணை மூடியவர், மேலே போவதற்குள் கந்த சஷ்டி கவசத்தில் பாதியைத் தப்பும் தவறுமாய் முடித்தார். அதற்கும் மேலே இரும்பு ஏணிப்படி. படிகளின் இடைவெளியில் கோலாலம்பூர் முழுக்கத் தெரிந்தது. நான்கு காலில் ஏறினார்.

"அண்ணே! நீங்களா? அடுத்தது நான்தான் குதிக்கணும்" என்றார் சோலையப்பன். கம்பி ஓரத்தில் பையை மாட்டிக்கொண்டு தயாராக நின்றிருந்தார்.

"திரும்புங்க சார்!"

பையின் 'பின்' பளிச்சென்று இருந்தது. மேலே ஒன்றும் இல்லை. வலது தோள்பட்டை வாரில், எதிலும் சிக்காத இடமாகப் பார்த்து, மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. மூன்று முடிச்சு, நுனிகூட நறுக்கி விடப்பட்டிருந்தது. இருபது வருஷமாக இவர் புலம்பலைக் கேட்டவளுக்குப் பின் எது, வார் எது என்று தெரியாதா?

"வாங்கண்ணே, கட்டம் போட்ட கைலியிலயே ஒரு போட்டோ எடுத்துக்குவோம்" என்று சிரித்தார் சோலையப்பன்.

தம்புசாமி சிரிக்கவில்லை. கட்டியதில் தப்பில்லை என்றால், எண்ணியதில் மட்டும் எப்படித் தப்பு செய்வாள்?

"சார், பையைக் கழற்றுங்க."

"என்னண்ணே, மணி ஒன்பதாச்சு."

"கழற்றுங்கன்னா கழற்றுங்க!"

வெள்ளைக்காரர்கள் சுற்றி நிற்க, பையைத் திறந்து மடிப்பு மடிப்பாகப் பிரித்தார். இடப்பக்கம் நான்காவது மடிப்பில், துணியை இறுகக் கவ்விக்கொண்டு இருந்தது நீலக் கிளிப்பு. சோலையப்பன் முகத்தில் ரத்தம் இல்லை. இருபத்திரண்டு வருஷப் பெருமை இரண்டு அங்குலப் பிளாஸ்டிக்காகத் தம்புசாமியின் கையில் கிடந்தது. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

"நான்தான் சார் விட்டேன். என் வீட்டுக்காரி சொன்னா, நான் கேட்கல."

அங்கேயே மண்டியிட்டு மறுபடி மடித்தார். கிளிப்பே வேண்டாம் என்று வெள்ளைக்காரர்களை உட்காரவைத்து ஆளுக்கொரு மடிப்பைப் பிடிக்கச் சொன்னார். சேலைக் கொசுவம் பிடிக்கிற அக்கா தங்கைகள் மாதிரி அவர்களும் பயபக்தியோடு பிடித்தார்கள். முக்கால் மணி நேரம் ஆனது. சோலையப்பன் கயிற்றைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் குதித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. கறை படிந்த குட்டிக் குடை காற்றைப் பிடித்தது. பெரியது இருபுறமும் ஒன்றாக விரிந்து, கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நேராகப் போனது. "ஆஹா!" என்று கத்திய பிறகுதான், தாம் கம்பியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பது தம்புசாமிக்கு உறைத்தது. இரண்டு பேர் தாங்கித்தான் அவரை மின்தூக்கிக்குக் கொண்டுவந்தார்கள்.

வீட்டுக்கு வந்து கிளிப்பை நீட்டினார்.

"பன்னெண்டு" என்றாள் இராஜம்மா. "எங்க இருந்துச்சு?"

காக்கா என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது.

"குடைக்குள்ள. உனக்கு எண்ணத் தெரியும், ராஜம். எனக்குத்தான் தெரியல."

அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து போய், கைலியின் தொங்குகிற பக்கத்தில் அந்தக் கிளிப்பை மாட்டினாள்.

அடுத்த வருஷம் சோலையப்பன் மறுபடி வந்தார், கூடவே ஒரு வெள்ளைக்காரர். மடித்து முடித்ததும் தம்புசாமி கிளிப்புகளை ஒரு கிண்ணத்தில் போட்டு உள்ளே இராஜம்மாவிடம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தார். உள்ளேயிருந்து "பன்னெண்டு" என்று குரல் வந்த பிறகே பின்னைச் செருகினார். அட்டையைப் பார்த்த வெள்ளைக்காரர், சரிபார்த்தவர் கட்டத்தில் தமிழில் போட்டிருக்கும் கையெழுத்து யாருடையது, இன்ஸ்பெக்டரா என்று கேட்டார்.

"யெஸ்" என்றார் தம்புசாமி. "ரொம்ப ஸ்ட்ரிக்ட்."