தையலுக்குள் விட்ட துணி

எங்கள் மாடியில் குடியிருக்கும் தையல்காரிக்கு நாற்பத்திரண்டு வயது. கல்யாணமாகிப் பதினாறு வருடம் ஆகிறது, குழந்தை இல்லை. மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லை என்று கர்ப்பச் சோதனைக் குச்சி வாங்கிப் பார்த்திருக்கிறாள். அதை மிச்சத் துணியில் சுற்றி என்னிடம் கொண்டுவந்தாள். நான் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள்.

“சிஸ்டர், ரெண்டாவது கோடு தெரியுதா பாருங்க.”

கண்ணாடி போட்டுப் பார்த்தேன். இருந்தும் இல்லாத மாதிரி ஒரு கோடு.

“எப்ப தெரிஞ்சுது?”

“காலையில ஒண்ணுதான் இருந்துது. குப்பையில போட மனசு வரல. மத்தியானம் எடுத்துப் பாத்தா ரெண்டு!”

“அஞ்சு நிமிஷத்துல பாக்க வேண்டியத அஞ்சு மணி நேரம் கழிச்சா பாப்ப? காஞ்சுபோனா அப்படிக் கோடு விழும்டி. ரத்தம் குடுத்துப் பாத்துடு.”

“உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?” என்று சிரித்தாள்.

ரத்தப் பரிசோதனை முடிவு வர இரண்டு நாளானது. அதற்குள், ஊரார் துணியெல்லாம் காத்துக் கிடக்க, தனக்கென்று ஒரு சுடிதார் சட்டை தைத்துவிட்டாள். வயிறு பெருத்த பிறகு பிரித்துப் பெரிதாக்க வசதியாக, பக்கத் தையலுக்குள் நாலு விரல் துணி விட்டிருந்தாள்.

கர்ப்பம் இல்லை, மாதவிலக்குதான் சீக்கிரமே நிற்கப்போகிறது. காகிதத்தை நான்தான் படித்துச் சொன்னேன். அவள் அழவில்லை. அந்தச் சட்டையைத்தான் போட்டிருந்தாள். இடுப்பில் மடிப்பு புடைத்துக்கொண்டிருந்தது.

“உறுத்தும்டி. கத்திரியக் கொண்டா, அதிகத் துணிய வெட்டிடலாம்.”

இரண்டு பக்கமும் கையை வைத்துப் பொத்திக்கொண்டாள்.

“உறுத்தட்டும் சிஸ்டர். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்.”